இணைப்பைத் தேடு, இணைப்பை மாற்று: ஒரு தோரணியின் வேலை

மாணவர்களே, இணையத்தில் ஒரு பாடக் குறிப்பைத் தேடிப் பிடிக்கிறீர்கள். அதில் நீல நிறத்தில் ஓர் இணைப்பு இருக்கிறது. ஆவலோடு சொடுக்குகிறீர்கள். திரையில் ‘404’ என்ற எண்ணும், பக்கம் கிடைக்கவில்லை என்ற செய்தியும் மட்டுமே வருகின்றன.

இது அரிதாக நடப்பதன்று. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு, பத்தாண்டுகளுக்குப் பிறகு திறக்க முடியாதவையாகிவிட்டன என்று அது கண்டறிந்தது. எழுதியவர் பக்கத்தை அழித்துவிட்டால் நாம் செய்யக்கூடியது அதிகமில்லை. ஆனால் பக்கம் வேறு முகவரிக்குக் குடிபெயர்ந்திருக்க, அதைச் சுட்டும் இணைப்புகளை மாற்ற மறந்ததால் அது தொலைந்ததும் உண்டு. இந்த இரண்டாவது வகைக்கு மருந்து இருக்கிறது. அதைத்தான் இன்று படிக்கப் போகிறோம்.

நம் பயிற்சிக் கதை

உங்கள் பள்ளி அறிவியல் கழகத்திடம் 40 இணையப் பக்கங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றுள் 200-க்கும் மேற்பட்ட இணைப்புகள் பழைய முகவரியைச் சுட்டுகின்றன. இப்போது தளம் புதிய முகவரிக்கு மாறுகிறது. ஒவ்வோர் இணைப்பையும் கையால் திருத்தினால் ஒரு வார இறுதி முழுவதும் போய்விடும். நடுவில் கண் அயர்ந்து பத்துப் பதினைந்தை விட்டும்விடுவோம்.

பயிற்சிக்காக முகவரிகளைத் தமிழிலேயே வைத்துக்கொள்வோம். இது வெறும் கற்பனை அன்று. இணையத் தளப்பெயர்களை நிருவகிக்கும் ஐகேன் அமைப்பு, ஆங்கிலம் அல்லாத எழுத்துகளில் முகவரிகள் இயங்குமா என்று பார்க்க 2007-இல் 11 சோதனை முகவரிகளை உருவாக்கியது. அவற்றுள் தமிழ் முகவரி ‘உதாரணம்.பரிட்சை’ என்பதாகும். சிங்கப்பூருக்கும் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இன்று தமிழ் எழுத்தில் முடியும் தளப்பெயர்கள் உண்டு.

ஆகவே நம் கதையில் கழகத்தின் பழைய முகவரி ‘பழைய.பரிட்சை’, புதியது ‘உதாரணம்.பரிட்சை’.

இணைப்பு உள்ளே எப்படி இருக்கும்?

உலாவியில் ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து, அதன் மூலநிரலைப் பாருங்கள். ஒவ்வோர் இணைப்பும் ‘ஏ’ என்ற குறிச்சொல்லுக்குள் இருக்கும். அந்தக் குறிச்சொல்லில் ‘எச்ரெஃப்’ என்ற பண்பு உண்டு. அதன் பின் ஒரு சமக்குறி, அடுத்து மேற்கோள்குறிகளுக்குள் முகவரி. குறிச்சொல்லின் பெயர் எங்கும் ஒன்றே என்பதால், சமக்குறியிலிருந்து தொடங்கும் பகுதியை மட்டும் இங்கே காட்டுகிறேன்:

="//பழைய.பரிட்சை/உயிரியல்/3">உயிரணு<

முகவரிக்கு முன்னால் உள்ள இரண்டு சாய்வுக் கோடுகளுக்கு, இந்தப் பக்கம் எந்த நெறிமுறையில் வந்ததோ அதே நெறிமுறையில் அந்தத் தளத்துக்கும் போ என்று பொருள். மேற்கோள்குறிகளுக்குள் இருப்பது முகவரி. ‘>’ குறிக்கும் ‘<’ குறிக்கும் இடையே இருப்பது வாசகரின் கண்ணுக்குத் தெரியும் சொல்.

புதிய தளத்தில் இதே இணைப்பு இப்படி அமைய வேண்டும்:

="//உதாரணம்.பரிட்சை/பாடங்கள்/உயிரியல்-3">உயிரணு<

தளப்பெயர் மட்டும் மாறவில்லை. நடுவில் ‘பாடங்கள்’ புகுந்திருக்கிறது; பாட எண்ணுக்கு முன் சாய்வுக் கோடு போய்ச் சிறுகோடு வந்திருக்கிறது. சாதாரணத் ‘தேடு – மாற்று’ வசதியால் இதை ஒரே தடவையில் செய்ய முடியாது. ஏனெனில் பாடத்தின் பெயரும் எண்ணும் இணைப்புக்கு இணைப்பு வேறுபடுகின்றன. நமக்குத் தேவை ஒரு குறிப்பிட்ட சொல் அன்று, ஒரு தோரணி.

தோரணி உங்களுக்குப் புதிதன்று. ஆரம்பப்பள்ளிக் கணிதத்தில் எண் தோரணி படித்திருக்கிறீர்கள். 3, 6, 9, 12 என்று பார்த்ததும் அடுத்தது 15 என்றீர்கள். எண்களை அன்று, அவற்றின் பின்னுள்ள விதியைக் கண்டீர்கள். எழுத்துகளுக்கும் இப்படி விதி எழுதலாம். அந்த விதியை எழுதும் சிறு மொழிக்கு நிரலர்கள் வைத்த சுருக்கப் பெயர் ‘ரெஜெக்ஸ்’. தமிழில் இதைச் சுருங்குறித்தொடர் என்பர். இந்தக் கட்டுரையில் ‘தோரணி’ என்றே சொல்வோம்.

எட்டுக் குறிகள்

இந்த மொழியில் குறிகள் நிறைய உண்டு. நம் வேலைக்கு எட்டே போதும்.

1. புள்ளி ( . ) : ஏதேனும் ஒரு குறி. எழுத்து, எண், இடைவெளி எதுவானாலும் சரி.
2. நட்சத்திரக் குறி ( * ) : முன்னால் உள்ளது எத்தனை முறையும் வரலாம், வராமலும் இருக்கலாம்.
3. கூட்டல் குறி ( + ) : முன்னால் உள்ளது குறைந்தது ஒரு முறை வர வேண்டும்.
4. கேள்விக்குறி ( ? ) : முன்னால் உள்ளது ஒரு முறை வரலாம் அல்லது வராமல் இருக்கலாம்.
5. சதுர அடைப்பு ( [ ] ) : உள்ளே உள்ளவற்றுள் ஏதேனும் ஒன்று. [0-9] என்றால் ஏதேனும் ஓர் இலக்கம்.
6. சதுர அடைப்பின் தொடக்கத்தில் ^ : உள்ளே உள்ளவை அல்லாத ஏதேனும் ஒன்று. [^"] என்றால் மேற்கோள்குறி அல்லாத ஒரு குறி.
7. பின்சாய்வுக் கோடு ( \ ) : அடுத்து வரும் குறியின் சிறப்புப் பொருளை நீக்கும். \. என்றால் வெறும் புள்ளி மட்டுமே.
8. வளைவு அடைப்பு ( ( ) ) : உள்ளே சிக்கியதை நினைவில் வைத்துக்கொள், பிறகு கேட்பேன்.

இவற்றை மனப்பாடம் செய்வது எளிது. கடினம் வேறோர் இடத்தில் இருக்கிறது. கணினி நாம் நினைத்ததைத் தேடாது. நாம் எழுதியதைத்தான் தேடும். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை மூன்று பிழைகளின் வழியாகப் பார்ப்போம்.

முதல் பிழை: புள்ளி

பழைய முகவரியைத் தேட, முகவரியை அப்படியே எழுதுகிறோம்:

பழைய.பரிட்சை

இணைப்புகள் எல்லாம் சிக்குகின்றன. மகிழ்ச்சியோடு அனைத்தையும் புதிய முகவரியாக மாற்றுகிறோம். மறுநாள் ஒரு நண்பர் வந்து சிரிக்கிறார். தேர்வுப் பக்கத்தின் தலைப்பு ‘பழைய பரிட்சைத் தாள்கள்’ என்று இருந்தது, இப்போது ‘உதாரணம்.பரிட்சைத் தாள்கள்’ என்று இருக்கிறதாம்!

காரணம் புரிகிறதா? தோரணியில் புள்ளி என்றால் ஏதேனும் ஒரு குறி. ‘பழைய’ என்பதற்கும் ‘பரிட்சை’ என்பதற்கும் இடையே உள்ள ஓர் இடைவெளியும் ஒரு குறிதானே? கணினியின் மீது தவறில்லை. நாம் கேட்க நினைத்தது இதுதான்:

பழைய\.பரிட்சை

இணைய முகவரி எதை எடுத்தாலும் அதில் புள்ளி இருக்கும். ஆகவே முகவரிகளைத் தேடுவோர் அடிக்கடி செய்யும் பிழை இது. புள்ளியைப் பார்த்தால் பின்சாய்வுக் கோடு நினைவுக்கு வரவேண்டும்.

இரண்டாம் பிழை: பேராசைக்கார நட்சத்திரம்

ஒரே வரியில் இரண்டு இணைப்புகள் இருக்கின்றன:

="//பழைய.பரிட்சை/உயிரியல்/3">உயிரணு< மற்றும் ="//பழைய.பரிட்சை/உயிரியல்/4">திசு<

சமக்குறி, மேற்கோள்குறி, இடையில் என்னவானாலும் வரட்டும், மீண்டும் மேற்கோள்குறி என்று எண்ணி இப்படி எழுதுகிறோம்:

=".*"

எத்தனை இணைப்புகள் சிக்கும்? இரண்டு என்று எதிர்பார்ப்போம். கணினியோ ஒன்று என்கிறது. அந்த ஒன்று, முதல் சமக்குறியில் தொடங்கி ‘திசு’வுக்கு முன்னுள்ள கடைசி மேற்கோள்குறி வரை நீள்கிறது. நடுவில் இருந்த ‘உயிரணு’, ‘மற்றும்’ ஆகிய சொற்களையும் சேர்த்து விழுங்கிவிட்டது.

நட்சத்திரக் குறியின் இயல்பு அது. எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போகும். வரியின் இறுதி வரை ஓடிவிட்டு, ‘மேற்கோள்குறியில் முடிய வேண்டும்’ என்ற நிபந்தனை நினைவுக்கு வந்ததும் ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கும். பின்வாங்கும்போது முதலில் எதிர்ப்படுவது கடைசி மேற்கோள்குறி. அங்கேயே நின்றுவிடும். நிரலர்கள் இதைப் பேராசைப் பொருத்தம் என்கிறார்கள்.

நானும் இதில் அகப்பட்டவன்தான். ஒரு கழகப் பக்கத்தை இப்படி ஒரே நொடியில் மாற்றினேன். பாதிப் பக்கம் காணாமல் போனது. நகலும் எடுத்து வைக்கவில்லை. அன்றிரவு அதை மீண்டும் தட்டச்சு செய்தபோதுதான் இந்தப் பாடம் எனக்கு நன்றாக ஏறியது.

திருத்தம் எளிது. ‘என்னவானாலும் வரட்டும்’ என்பதற்குப் பதிலாக, ‘மேற்கோள்குறி அல்லாத எதுவும் வரட்டும்’ என்று சொல்ல வேண்டும்:

="[^"]*"

இப்போது நட்சத்திரம் எவ்வளவு பேராசைப்பட்டாலும் முதல் மேற்கோள்குறியைத் தாண்ட முடியாது. அதற்கு வேலி போட்டுவிட்டோம். இரண்டு இணைப்புகளும் தனித்தனியாகச் சிக்குகின்றன.

மீன் பிடிப்பவர் வலையின் கண்ணைப் பார்த்துத்தான் வாங்குவார். எந்த மீன் சிக்க வேண்டும் என்பதோடு, எந்த மீன் தப்பிப் போக வேண்டும் என்பதையும் வலைக்கண்தான் முடிவு செய்கிறது. தோரணியும் அப்படியே. ‘எது வர வேண்டும்’ என்று மட்டும் எழுதுபவர் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார். ‘எது வரக்கூடாது’ என்பது மீதிப் பாதி.

மூன்றாம் பிழை: தமிழ் எழுத்து

இந்தப் பிழை ஆங்கிலப் பாடநூல்களில் இருக்காது. தமிழில் எழுதும் நாம்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முகவரியில் ‘உயிரியல்’, ‘வேதியியல்’ போன்ற பாடப் பெயர்கள் வருகின்றன. தமிழ் எழுத்துகள் ‘அ’ முதல் ‘ஹ’ வரை என்று எண்ணி இப்படி எழுதிப் பாருங்கள்:

[அ-ஹ]+

‘உயிரியல்’ என்ற சொல்லில் இது எதைப் பிடிக்கும்? முழுச் சொல்லையும் என்றுதான் நினைப்போம். ஆனால் மூன்று துண்டுகள் சிக்குகின்றன: ‘உய’, ‘ர’, ‘யல’.

ஏன்? நம் கண்ணுக்கு ‘யி’ ஓர் எழுத்து. யூனிகோட் முறையில் கணினி அதை இரண்டாகச் சேமிக்கிறது: முதலில் ‘ய’, பிறகு இகரக் குறி. ‘ல்’ என்பதும் அப்படியே ‘ல’, அதன்மேல் புள்ளி என இரண்டு. ‘உயிரியல்’ நமக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு எட்டுக் குறியீடுகள். உயிர்க்குறிகளும் மெய்ப்புள்ளியும் யூனிகோட் அட்டவணையில் ‘ஹ’-வுக்குப் பின்னால் வைக்கப்பட்டுள்ளன. ஆகவே ‘அ-ஹ’ என்ற எல்லைக்குள் அவை வருவதில்லை. ஒவ்வொரு குறியிலும் தோரணி இடறி நிற்கிறது.

இங்கும் முன்பு கண்ட மருந்தே உதவுகிறது. பாடப் பெயரில் என்னென்ன எழுத்துகள் வரும் என்று பட்டியல் போடாமல், என்ன வராது என்று கேளுங்கள். மேற்கோள்குறி வராது, சாய்வுக் கோடு வராது. ஆகவே:

[^"/]*

உயிர்க்குறியோ மெய்ப்புள்ளியோ எது வந்தாலும் இந்தத் தோரணி இடறாது.

தமிழ் முகவரிகளில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரு தமிழ் இணைப்பை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால், சில நேரம் விழுக்காட்டுக் குறிகளும் எண்களும் நிறைந்த நீண்ட வால் வரும், பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளாகிறது; ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு குறிகளுமாக எழுதப்படுகிறது. ஆக ஒரு குறியீட்டுக்கு ஒன்பது இடங்கள். ‘உயிரியல்’ என்ற எட்டுக் குறியீடுகள் 72 இடங்களைப் பிடிக்கும்! உங்கள் பக்கங்களில் சில இணைப்புகள் தமிழாகவும் சில இந்த வடிவிலும் இருக்கலாம். மேலே எழுதிய ‘மேற்கோள்குறியும் சாய்வுக் கோடும் அல்லாதவை’ என்ற தோரணி பாடப் பெயரின் இரு வடிவத்தையும் பிடிக்கும். விழுக்காட்டுக் குறியை நாம் தடுக்கவில்லையே!

எல்லாவற்றையும் சேர்ப்போம்

இப்போது முழுத் தோரணியை எழுதலாம்:

="//பழைய\.பரிட்சை/([^"/]*)/([0-9]+)/?"

இடமிருந்து வலமாக வாசியுங்கள். சமக்குறி, மேற்கோள்குறி, இரண்டு சாய்வுக் கோடுகள். பிறகு பழைய தளப்பெயர், அதன் புள்ளி வெறும் புள்ளியாகவே. ஒரு சாய்வுக் கோடு. அடுத்து முதல் வளைவு அடைப்பு: பாடப் பெயர். மீண்டும் ஒரு சாய்வுக் கோடு. இரண்டாம் வளைவு அடைப்பு: ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட இலக்கங்கள். கடைசியில் சிலர் ஒரு சாய்வுக் கோடு போட்டிருப்பார்கள், சிலர் போட்டிருக்க மாட்டார்கள். அதற்காக அந்தக் கேள்விக்குறி. முடிவில் மேற்கோள்குறி.

மாற்று என்ற பெட்டியில் இப்படி எழுத வேண்டும்:

="//உதாரணம்.பரிட்சை/பாடங்கள்/$1-$2"

டாலர் குறியும் எண்ணும் எதற்கு? முதல் வளைவு அடைப்பில் சிக்கியது $1; இரண்டாவதில் சிக்கியது $2. ‘உயிரியல்’, ‘3’ ஆகிய இரண்டையும் கணினி நினைவில் வைத்திருந்து, புதிய முகவரியில் உரிய இடங்களில் வைக்கிறது. அடுத்த இணைப்பில் ‘வேதியியல்’, ‘12’ சிக்கினால் அவற்றை வைக்கும். மாற்றுப் பெட்டியில் புள்ளி வெறும் புள்ளிதான். அங்கே பின்சாய்வுக் கோடு தேவையில்லை.

விஷுவல் ஸ்டுடியோ கோட் என்ற இலவசச் செயலியில், தேடல் பெட்டியின் ஓரத்தில் ‘.*’ என்ற சிறிய பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால்தான் நீங்கள் எழுதியதைத் தோரணியாக எடுத்துக்கொள்ளும். நோட்பேட் பிளஸ் பிளஸ் செயலியிலும் இந்த வசதி உண்டு. சில செயலிகளில் டாலர் குறிக்குப் பதிலாகப் பின்சாய்வுக் கோட்டுடன் எண்ணை எழுத வேண்டும்: \1, \2.

மாற்றும் முன் எண்ணுங்கள்

‘அனைத்தையும் மாற்று’ என்ற பொத்தான் அருகிலேயே இருக்கிறது. விரலை அதிலிருந்து எடுத்துவிடுங்கள். முதலில் இவற்றைச் செய்வோம்.

முதலாவது, 40 பக்கங்களையும் வேறொரு கோப்புறையில் நகலெடுத்து வையுங்கள்.

இரண்டாவது, மாற்றாமல் தேட மட்டும் செய்யுங்கள். எத்தனை சிக்கின என்று செயலியே சொல்லும். 207 என்று வைத்துக்கொள்வோம்.

மூன்றாவது, தளர்வான ஒரு தோரணியால் மறுபடியும் தேடுங்கள். தளப்பெயர் மட்டும் போதும்: பழைய\.பரிட்சை. இப்போது 212 என்று வருகிறது. எங்கே அந்த ஐந்து?

இந்தக் கேள்விதான் மிக முக்கியமானது. ஐந்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். இரண்டு இணைப்புகளில் இரட்டை மேற்கோள்குறிக்குப் பதில் ஒற்றை மேற்கோள்குறி இருக்கலாம். இன்னும் இரண்டு, பாட எண் இல்லாமல் முகப்புப் பக்கத்தைச் சுட்டலாம். மற்றொன்று இணைப்பே இல்லாமல், ‘எங்கள் முகவரி பழைய.பரிட்சை’ என்று பத்தியில் எழுதப்பட்ட வாக்கியமாக இருக்கலாம். மூன்று வகைக்கும் மூன்று வேறு தீர்வுகள். தோரணி இங்கே முடிவெடுக்காது. நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

இந்தத் தளர்வான தேடலுக்கும் கண்ணில் படாத ஒரு வகை உண்டு. தமிழ்த் தளப்பெயர்கள் இணையக் கட்டமைப்பின் உள்ளே ஆங்கில எழுத்துகளாலான ஒரு சங்கேத வடிவில்தான் பயணம் செய்கின்றன. அந்த வடிவம் ‘எக்ஸ்’, ‘என்’ என்ற இரண்டு எழுத்துகளிலும் இரண்டு சிறுகோடுகளிலும் தொடங்கும். யாரேனும் அந்த வடிவிலேயே முகவரியை ஒட்டியிருந்தால், ‘பழைய’ என்று தேடி என்ன பயன்? அதைத் தனியாகத் தேட வேண்டும்.

நான்காவது, எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு மாற்றுங்கள். ஐந்தாவது, பழைய தோரணியை மறுபடி தேடுங்கள்; விடை சுழியமாக இருக்க வேண்டும். கடைசியாக, உலாவியில் சில பக்கங்களைத் திறந்து இணைப்புகளைச் சொடுக்கிப் பாருங்கள்.

அறிவியல் கூடத்தில் நாம் செய்வதும் இதுதானே? ஒரு கருதுகோளை எழுதுகிறோம். அது சரி என்று காட்டும் சான்றோடு, தவறு என்று காட்டக்கூடிய சான்றையும் தேடுகிறோம். தோரணி ஒரு கருதுகோள். அந்த ஐந்து இணைப்புகள் அதைச் சோதிக்கும் சான்றுகள்.

நரம்பணுவிலிருந்து வந்த கணிதம்

இந்தச் சிறு மொழி எங்கிருந்து வந்தது தெரியுமா? உயிரியலிலிருந்து! 1943-இல் வாரன் மெக்கலக், வால்டர் பிட்ஸ் என்ற இருவர் மூளையின் நரம்பணுக்களைக் கணித முறையில் விளக்க முயன்றார்கள். அந்த வலைப்பின்னல்கள் எவ்வகை நிகழ்வுத் தொடர்களை அடையாளம் காண முடியும் என்ற கேள்வியை 1951-இல் அமெரிக்கக் கணித அறிஞர் ஸ்டீபன் க்ளேனி ஆராய்ந்தார். 1956-இல் அது அச்சில் வந்தது. அந்தத் தொடர்களை எழுத அவர் வகுத்த குறியீடுதான் நம் தோரணிக்கு வித்து. நட்சத்திரக் குறியைக் கணித நூல்கள் இன்றும் ‘க்ளேனி நட்சத்திரம்’ என்றே அழைக்கின்றன. 1968-இல் கென் தாம்சன் இதை உரையில் தேடும் கருவியாக மாற்றும் வழியை வெளியிட்டார். யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிய இருவருள் ஒருவர் அவர்.

கணிதத்தில் பிறந்ததால் இதன் எல்லையும் கணிதத்தால் தெரியும். க்ளேனியின் தோரணிக்கு நினைவாற்றல் ஓர் அளவுக்கு உட்பட்டது. அடைப்புக்குள் அடைப்பு, அதற்குள் இன்னோர் அடைப்பு என்று எத்தனை ஆழம் போனாலும் சரியாக எண்ணிச் சோடி சேர்க்க அதனால் முடியாது. இணையப் பக்கத்தில் பட்டியலுக்குள் பட்டியல், பெட்டிக்குள் பெட்டி என்று வருவது வழக்கம். அந்த அமைப்பு முழுவதையும் அலச வேண்டுமானால் அதற்கென உள்ள பகுப்பான் நிரலைப் பயன்படுத்த வேண்டும். நம் அதிர்ஷ்டம், ஓர் இணைப்புக்குள் இன்னோர் இணைப்பு வரக்கூடாது என்பது இணையப் பக்க மொழியின் விதி. மேற்கோள்குறிகளுக்குள் இருக்கும் ஒரு முகவரியைப் பிடித்து மாற்றுவதற்குத் தோரணி பொருத்தமான கருவி.

இன்னோர் எச்சரிக்கை. கவனமின்றி எழுதிய தோரணி கணினியைத் திணறவும் வைக்கும். 2016 ஜூலை 20-ஆம் நாள், நிரலர்கள் கேள்வி கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃபுளோ தளம் 34 நிமிடங்கள் முடங்கியது. வரியின் ஓரங்களில் உள்ள தேவையற்ற இடைவெளிகளை நீக்கும் ஒரு சாதாரணத் தோரணிதான் காரணம். ஒரு பதிவில் ஏறக்குறைய 20,000 இடைவெளிகள் தொடர்ந்து இருந்தன. ஆனால் அவற்றுக்குப் பின் வரி முடியவில்லை, வேறு எழுத்து வந்தது. தோரணி முதல் இடைவெளியில் தொடங்கி 20,000 வரை போய்த் தோற்றது. இரண்டாவதிலிருந்து தொடங்கி 19,999 போய்த் தோற்றது. பிறகு 19,998. இப்படியே கூட்டிப் பாருங்கள்: 20,000 × 20,001 ÷ 2. ஏறத்தாழ 200 மில்லியன் சோதனைகள்! எண் தோரணியில் படித்த கூட்டல் சூத்திரம் இங்கே வந்து நிற்கிறது, பார்த்தீர்களா?

முயன்று பாருங்கள்

1. ‘பரிட்சை’ என்றும் ‘பரீட்சை’ என்றும் இருவகையாக எழுதுவார்கள். நிமிர்கோடு ( | ) என்றால் ‘அல்லது’ என்று பொருள். இரண்டையும் பிடிக்கும் ஒரே தோரணியை எழுதுக.

2. ‘பாடம்’ என்ற சொல் கணினிக்கு எத்தனை குறியீடுகள்? முகவரியில் விழுக்காட்டு வடிவில் எத்தனை இடங்களைப் பிடிக்கும்?

3. 31-8-1957 போன்ற தேதிகளை 1957-8-31 என்று மாற்ற வேண்டும். தேடும் தோரணியையும் மாற்றும் தோரணியையும் எழுதுக.

4. ஒற்றை மேற்கோள்குறியில் உள்ள அந்த இரண்டு இணைப்புகளையும் சேர்த்துப் பிடிக்க, நம் முழுத் தோரணியை எப்படித் திருத்துவீர்கள்?

விடைகள்

1. (பரி|பரீ)ட்சை
2. ப, ஆகாரக் குறி, ட, ம, மெய்ப்புள்ளி என ஐந்து குறியீடுகள்; 5 × 9 = 45 இடங்கள்.
3. தேட: ([0-9]+)-([0-9]+)-([0-9]+)   மாற்ற: $3-$2-$1
4. =["']//பழைய\.பரிட்சை/([^"'/]*)/([0-9]+)/?["']

மூன்றாம் விடையை எழுதி முடித்தவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள். உங்கள் பக்கத்தில் 012-345-678 என்பது போன்ற வேறேதேனும் எண் இருந்தால் என்ன ஆகும்? அதையும் தேதி என்று நினைத்துத் தலைகீழாக்கிவிடுமே! அதைத் தடுக்க என்ன எழுதலாம் என்று வகுப்பில் நண்பர்களோடு பேசிப் பாருங்கள். ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் சிக்க வேண்டியவை, வலப்பக்கம் சிக்கக்கூடாதவை. வலப்பக்கம் நிரம்ப நிரம்ப, உங்கள் தோரணியும் சீராகும்.